அடுப்புகிட்ட வச்ச செர்ரிப் பலகை

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் முட்டாள் கிடையாது. முப்பத்தொரு குளிர்காலமா இந்த வெர்மாண்ட் மலை ரோட்டுல ஸ்கூல் பஸ் ஓட்டறேன், ஒரு தடவகூடப் பள்ளத்துல இறக்கினதில்ல. எந்த வளைவுல பனி கண்ணாடியா உறைஞ்சிருக்கும், எந்தப் பிள்ளைக்கு எந்த மேட்டுல வாந்தி வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. விறகு பத்தியும் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு குளிர்காலத்துக்கு ஒரு லாரி விறகு எரிக்கிற வீடு எங்க வீடு. ஆனா எரிக்கிற மரம் வேற, செய்யற மரம் வேறன்னு என் கொழுந்தன் ஹாலிஸ் நூறு தடவ சொன்னான். நூறு தடவையும் தலைய ஆட்டினேன். காதுல வாங்கிக்கல.

ஹாலிஸ் என் வீட்டுக்காரர் டெல்பர்ட்டோட தம்பி. மேஜை, நாற்காலி, அலமாரி செய்யற தச்சன். எங்க வீட்டுக்குக் கீழ அரை மைல்ல அவன் பட்டறை. கல்யாணம் பண்ணிக்கல. பண்ணியிருந்தாலும் அவன் பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்கணும்னா அந்தப் பொண்ணு மரமாத்தான் பிறந்திருக்கணும். மரத்தத் தவிர அவனுக்கு வேற பேச்சே கிடையாது.

எங்க சமையல்கட்டு ஜன்னலுக்கு நேர ஒரு காட்டுச் செர்ரி மரம் நின்னுச்சு. பழம் கசக்கும், பறவைங்களுக்குத்தான் ஆகும். போன வருஷம் ஜூலைல ஒரு இடி மழைல வேரோட சாஞ்சுது. அப்பவே டெல்பர்ட்டுக்கு நுரையீரல்ல கேன்சர் வந்தாச்சு. கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கறது கஷ்டம்னு டாக்டரும் சொல்லியாச்சு. மனுஷன் மூக்குல ஆக்சிஜன் குழாயோட வெளில வந்து, சாஞ்ச மரத்த ஒரு சுத்து சுத்திப் பாத்தார்.

"பரவால்லயே, என் சவப்பெட்டி தானா வந்து வாசல்ல விழுந்திருக்கு"ன்னார்.

கையில இருந்த ஈரத் துண்ட அவர் மேல விட்டெறிஞ்சேன். சிரிச்சார், சிரிச்சதுல இருமல் வந்து, இருமல் நிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு.

ஆனா அவர் விளையாடல. அன்னைக்கே தம்பியக் கூப்பிட்டு விட்டார். "ஹாலிஸ், இந்த மரத்துலதான் என் பெட்டி. நீதான் செய்யணும். பூ வேணாம், பாட்டு வேணாம், பாதிரியார் நீளமாப் பேச வேணாம். இது ஒண்ணு போதும் எனக்கு." நாப்பது வருஷக் குடித்தனத்துல அவர் வாயத் திறந்து இது வேணும்னு கேட்டது கைவிரல்ல எண்ணிடலாம். அதுல கடைசி இது.

ஆகஸ்ட்ல ஒரு ஆள் ரம்பத்த டிரெய்லர்ல வச்சு இழுத்துக்கிட்டு வந்தான். பதினாலு பலகை விழுந்துச்சு, ஒவ்வொண்ணும் எட்டடி. அறுத்த அன்னைக்கு உள்ள பாத்தா சால்மன் மீன் சதை மாதிரி இளஞ்சிவப்பு. அண்ணனும் தம்பியுமா அத எங்க விறகுக் கொட்டகைக்குப் பக்கத்துல, கூரை மட்டும் இருக்கிற சார்ப்புல அடுக்கினாங்க. ஒரு பலகை, அதுக்கு மேல குறுக்க அஞ்சு குச்சி, அதுக்கு மேல அடுத்த பலகை. குச்சிக்கு நேர குச்சி நிக்கணும், இல்லாட்டி பலகை வளைஞ்சிடுமாம். முனை மட்டும் சீக்கிரம் காஞ்சு வெடிக்காம இருக்க, அதுல எல்லாம் பழைய பச்சைப் பெயிண்ட். உச்சில தகரம், தகரத்து மேல கல்லு. டெல்பர்ட் ஒரு கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்துக்கிட்டு குச்சி எடுத்துக் குடுத்தார். தன் பெட்டிக்குத் தானே எடுபிடி.

"பாத்துக்குங்க அண்ணி, ரெண்டு பலகைக்கு நடுவுல காத்து போய் வரணும்"ன்னான் ஹாலிஸ். "குளிர்காலம் பூரா இது இங்கயே வெளில கிடக்கட்டும். பனி அடிச்சாலும் பரவால்ல, உறைஞ்சாலும் பரவால்ல. ஏப்ரல்ல காத்து இளகினதும் பரண்ல ஏத்தலாம். மே மாசம்தான் பட்டறைக்குள்ள போகணும். படிப்படியா."

"அதுவரைக்கும் உங்கண்ணன் என்ன பண்ணுவாராம்?"ன்னு கேட்டேன்.

"நானும் படிப்படியாத்தான் போறேன்"ன்னார் டெல்பர்ட்.

"பச்சை மரத்த அவசரப்படுத்தினா தோலு முதல்ல காஞ்சு சுருங்கும், உள்ள இருக்கிற ஈரம் விடாது. ரெண்டும் இழுத்துக்கிட்டு வெடிச்சிடும். ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும் அண்ணி."

"சரிடாப்பா, சரி. என்னைய என்ன சமைக்கவா சொல்ற அத?"

டெல்பர்ட் காதுல செருகியிருந்த பென்சில எடுத்து, மேல் பலகைல எழுதினார்: 'குள்ளச்சி, இத அடுப்புல போடாத.' நான் நாலடி பத்து அங்குலம், அவர் ஆறடி ரெண்டு. கல்யாணத்தன்னைக்கு போட்டோக்காரர் என்னைய ஒரு ஆப்பிள் பெட்டி மேல நிக்க வச்சார். அன்னைலேர்ந்து எனக்கு அந்தப் பேருதான்.

டிசம்பர் ஒம்போதாந்தேதி, காலைல பஸ்ஸ நிறுத்திட்டு வந்து பாக்கறேன், நாற்காலிலயே போயிட்டார். காப்பி பாதி குடிச்சிருந்தார்.

எங்க ஊர்ல நவம்பருக்கு அப்புறம் சாகறவங்களுக்கு மண்ணு கிடையாது. நாலடி ஆழத்துக்கு உறைஞ்சு கிடக்கும், குழி தோண்ட முடியாது. கல்லறைத் தோட்டத்து வாசல்ல கருங்கல்லுல ஒரு சின்ன வீடு, இரும்புக் கதவு. மே மாசம் வரைக்கும் அதுலதான் காத்திருக்கணும். அந்தக் குளிர்காலம் அதுல நாலு பேர். அதுல ஒருத்தன், பனி தள்ளற வண்டியால எங்க தபால் பெட்டிய இடிச்சதுக்காக டெல்பர்ட் இருபது வருஷம் பேசாம இருந்த ஆள். ரெண்டு பேரும் இப்ப பக்கத்துப் பக்கத்துல. டெல்பர்ட்ட ஒரு சாதா பைன் மரப் பெட்டில வச்சாங்க. மே மாசம் அடக்கத்தன்னைக்கு செர்ரிப் பெட்டிக்கு மாத்திக்கலாம்னு அடக்கம் பண்றவர் ஒத்துக்கிட்டார். ஆக, மண்ணுக்கும் மே மாசம், மரத்துக்கும் மே மாசம், எனக்கும் மே மாசம்.

என் பஸ் அந்தக் கல்வீட்டு வழியாத்தான் போகும். காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. தாண்டறப்ப ஹாரன ஒரு தட்டு தட்டுவேன். பிள்ளைங்க ஒண்ணும் கேக்கல. முதல் வாரம் மட்டும், ரோட்டுல மான் குறுக்க வந்ததுக்குத்தான் ஹாரன்னு நினைச்சு ஒரு வாண்டு, "மிசஸ் ஆர்லீன், மான் எங்க?"ன்னு கேட்டுச்சு. "ஓடிப்போச்சு, உக்காரு"ன்னேன்.

ஜனவரில ஹாலிஸ் பட்டறைக் கூரைல பனி அள்ளப் போய் சறுக்கி விழுந்து கணுக்கால ஒடச்சுக்கிட்டான். முழங்கால் வரைக்கும் கட்டு. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வந்து பலகையத் தடவிப் பாத்துட்டுப் போறவன், இப்ப போனோட சரி.

அதே வாரம் பிடிச்சுது பாருங்க ஒரு குளிரு. பாரன்ஹீட்ல பூஜ்யத்துக்குக் கீழ இருபத்தெட்டு. ஸ்கூலுக்கு லீவு விட்டுட்டாங்க. டீசல் கூழா உறைஞ்சு கிடக்கு. மூணு நாள் நான் வீட்டுக்குள்ள. அடுப்புல மேப்பிள் விறகு திகுதிகுன்னு எரியுது, நான் அதுக்கு முன்னாடி கம்பளி போத்தி உக்காந்திருக்கேன், ஜன்னல் வழியா அந்தப் பலகை அடுக்கு தெரியுது. தகரத்து மேல ரெண்டடி பனி. முனைல உறைபனி வெள்ளையாப் பூத்திருக்கு. துணி வெளில உறைஞ்சா உள்ள கொண்டாந்து காயப் போடறதில்லையா? விறகு ஈரமா இருந்தா அடுப்புகிட்ட வைக்கறதில்லையா? மே மாசத்துக்குள்ள காயலைன்னா என்ன பண்றது? ஏதோ சொன்னான் ஹாலிஸ், அவன் சொல்றது நாற்காலிக்குன்னு நானே ஒரு நியாயம் கட்டிக்கிட்டேன்.

விறகு இழுக்கிற சறுக்குப் பலகைல ரெண்டு ரெண்டா ஏத்தி இழுத்தேன். ஒவ்வொண்ணும் ஒரு கன்னுக்குட்டி கனம். ஏழு நடை. கூடத்துல சோபாவ ஒதுக்கிட்டு அடுப்ப ஒட்டி, அவன் சொன்ன மாதிரியே குச்சி குச்சியா வச்சு அடுக்கினேன். அதுல ஒண்ணும் குறை வைக்கல. பனி உருகி சொட்டு சொட்டா தரையெல்லாம் தண்ணி. மேல் பலகைல அவர் எழுத்து தெரிஞ்சுது. அடுப்புல போடலையே, அடுப்புகிட்டதான போட்டேன்.

அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். அவர் போனதுக்கப்புறம் அதுதான் முதல் தூக்கம். பொய் சொல்லல.

நாலாம் நாள் மத்தியானம் முதல் சத்தம். 'டக்'. அடுப்புல கங்கு வெடிக்குதுன்னு நினைச்சேன். அப்புறம் இன்னொண்ணு. கிட்டப் போய்க் குனிஞ்சா, பச்சைப் பெயிண்ட்டுக்கு நடுவுல ஒரு கோடு, மயிரிழை. பக்கத்துப் பலகைல இன்னொண்ணு. விரல் நகம் உள்ள போகுது.

அந்த நேரம் பாத்து போன் அடிக்குது. ஹாலிஸ்.

"என்ன அண்ணி, குளிரு எப்படி? உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். உன் கால் எப்படி?"

"அரிக்குது. பின்னல் ஊசிய விட்டுச் சொறியறேன். பலகை எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன."

"வெளிலதான இருக்கு?"

"பின்ன எங்க போகும்? கால் முளைச்சா?"

'டக்'. இந்தத் தடவ நல்ல சத்தம். முழுப் பலகையும் அதிர்ந்துச்சு.

"என்ன சத்தம் அது?"

"அடுப்பு"ன்னேன். "விறகு ஈரம்."

"ஈர விறகா எரிக்கிறீங்க? நீங்களா?"

"ஆமாண்டா, எனக்கு வயசாகுது, போன வை."

போன வச்சுட்டு அங்கயே தரைல உக்காந்துட்டேன். என்ன பண்றதுன்னு தெரியல. மறுபடி வெளில தூக்கிப் போடலாம்னா, வெளில இருபது கீழ, உள்ள எழுபது மேல, அந்த வித்தியாசத்துல இன்னும் என்ன ஆகுமோ. அடுப்ப அணைக்கலாம்னா தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும், வீடே போயிடும். யாரையாவது கேக்கலாம்னா, கேக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். அவன்கிட்ட இப்பதான் பொய் சொன்னேன். அழுதேன். அழுதுக்கிட்டே இருக்கிற துணியெல்லாம் எடுத்தேன், போர்வை, துண்டு, டெல்பர்ட்டோட பிளானல் சட்டை ஒண்ணு விடாம, வெந்நீர்ல முக்கிப் பிழிஞ்சு பலகைக்கு மேல போட்டேன். காய்ச்சல்காரனுக்குப் போடற மாதிரி. காயக் காய மறுபடி முக்கினேன். அந்தப்பக்கம் நான் போட்டுக்கிட்டே இருக்கேன், இந்தப்பக்கம் அது 'டக் டக்'னு வெடிச்சுக்கிட்டே இருக்கு. ஒரு வாரம்.

அப்புறம் குளிரு தணிஞ்சுது. ஒரு நாள் காலைல துணிய விலக்கிப் பாத்தா, கோட்டக் காணோம்! விரலால தடவிப் பாக்கறேன், வழவழன்னு மூடியிருக்கு. கடவுளேன்னு கைய எடுத்துக் கும்பிட்டேன். ஏழு நடை இழுத்துக் கொண்டுபோய் பழைய இடத்துல, குச்சிக்கு நேர குச்சியா அடுக்கி, முனைக்குப் புதுசாப் பச்சைப் பெயிண்ட் அடிச்சு, தகரம் போட்டு, கல்லு வச்சு, கல்லு மேல பனியக்கூட அள்ளிப் போட்டேன்.

மார்ச்ல ஊரே கூடிச் சாப்பிட்டு, ஊர்ச் செலவுக்கு ஓட்டுப் போடற ஊர்க்கூட்டத்துல ஹாலிஸ் ஊன்றுகோலோட வந்தான். பீன்ஸ் தட்டத் தூக்கிக்கிட்டு நேரா என்கிட்டதான் வந்தான். "பலகை?" "அருமையா இருக்கு." அவன் வாய்ல ஒரு டோனட்டத் திணிச்சு விட்டுட்டு ஓட்டுப் போடப் போயிட்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. என்னோடது ஏப்ரல் வரைக்கும் ஓடிச்சு. ரோடெல்லாம் சேறான ஒரு சனிக்கிழமை, டிரக்க எங்க வாசச் சேத்துல புதைச்சுட்டு நொண்டிக்கிட்டே வந்தான், பலகையப் பரண்ல ஏத்தறதுக்கு. நான் கூடப் போய் நின்னேன். தகரத்தத் தூக்கினான். முதல்ல பெயிண்ட்டப் பாத்தான்.

"இது புதுசா இருக்கே."

"சும்மா இருக்கேன்னு அடிச்சேன்."

மேல் பலகையோட ஒரு முனையத் தூக்கி, விரல் முட்டியால தட்டினான். அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது. நல்ல பலகை தட்டினா மணி மாதிரி கேக்கும், எனக்கே தெரியும். இது பூசணிக்காயத் தட்டற மாதிரி கேட்டுச்சு. பையிலேர்ந்து ஒரு சின்ன இழைப்புளிய எடுத்து முனைகிட்ட நாலு இழுப்பு இழுத்தான். சுருள் சுருளா வரவேண்டியது ரெண்டு ரெண்டு நாடாவாக் கிழிஞ்சு வந்துச்சு. வாயால ஊதினான். அங்க இருந்துச்சு கோடு. எங்கயும் போகல. ஈரத்துல ஊதி மூடிக்கிட்டிருந்துச்சு, அவ்வளவுதான்.

"எப்ப உள்ள கொண்டு போனீங்க?"

சொன்னேன்.

ஹாலிஸ் கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல. அன்னைக்குப் பாத்தேன். ஊன்றுகோல சேத்துல வீசினான். "நூறு தடவ சொன்னேன்! நூறு தடவ! அண்ணன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. எனக்கு அவன் விட்டுட்டுப்போன வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு குளிர்காலம் சும்மா விட முடியலையா உங்களால? ஒண்ணுமே செய்யாம இருக்கறது அவ்வளவு கஷ்டமா?"

"கஷ்டம்தான்!"னு நானும் கத்தினேன். "கஷ்டம்தான்டா! அவருக்குக் குளிரு ஆகாதுடா! ஜூன்ல சாக்ஸ் போட்டுத் தூங்கின மனுஷன். தினம் ராத்திரி அந்த ஐஸ்கட்டிக் கால என் கால் மேல போட்டுத்தான் தூங்குவார். இருபத்தெட்டு கீழ, இரும்புக் கதவு, கருங்கல்லு, தினம் ரெண்டு தடவ நான் தாண்டிப் போறேன். உள்ள கொண்டாந்து அடுப்புகிட்ட வைக்க முடியுமா அவர? முடியாதில்ல? இதத்தான் கொண்டுவர முடிஞ்சுது. அதான் கொண்டு வந்தேன்."

சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, அதான் காரணம்னு. மே மாசம், ஈரம், துணி, எல்லாம் நானா கட்டின கதை.

ஹாலிஸ் சேத்துலேர்ந்து ஊன்றுகோலத் தேடி எடுத்தான். ரொம்ப நேரம் அதத் துடைச்சுக்கிட்டே நின்னான். "சரி அண்ணி"ன்னான். "காப்பி போடுங்க."

மூணு வாரம் முயற்சி பண்ணினான். பட்டறைக்குக் கொண்டுபோய் இழைச்சான், ஒட்டிப் பாத்தான், இறுக்கிப் பாத்தான். ஒரு கோட்ட ஒட்டினா பக்கத்துல ரெண்டு திறக்குது. ரெண்டு முனையிலும் ஒண்ணேகால் அடிக்கு மேல வெடிப்பு ஓடியிருக்கு. அத வெட்டித் தள்ளினா நடுவுல தேறறது அஞ்சேகால் அடி. டெல்பர்ட்ட எங்க மடக்கறது? என்கிட்ட காஞ்ச செர்ரி இருக்கு, அதுல செய்யறேன் அண்ணின்னான். வேற மரம்னா அவர் கிடக்கிற பைனே போதும்னுட்டேன். அவர் கேட்டது அந்த மரம்.

மே பதினெட்டு அடக்கம் நடந்துச்சு. அதே பைன் பெட்டி. இறக்கறதுக்கு முன்னாடி அது மேல கைய வச்சேன். வெயில்ல நின்னும் சில்லுன்னுதான் இருந்துச்சு. பாதிரியார் சுருக்கமா முடிச்சார், அது ஒண்ணுதான் டெல்பர்ட் சொன்னபடி நடந்தது. நானும் ஹாலிஸும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல.

அடுத்த வாரம் அவன் டிரக்குல அந்தப் பலகைங்களத் திருப்பிக் கொண்டு வந்தான். வெடிச்சதெல்லாம் அறுத்து, எல்லாம் ஒரே நீளமா, சுத்தமா. "என் பட்டறைல இதப் பாத்துக்கிட்டு வேலை செய்ய முடியல. விறகுக்கு வேணா வச்சுக்குங்க"ன்னான்.

நான் டேப்ப வாங்கி ஒரு பலகைய அளந்தேன். அஞ்சடி மூணு அங்குலம். அவர் எழுத்து இருந்த பலகைல 'அடுப்புல போடாத' மட்டும் மிச்சம் இருந்துச்சு. குள்ளச்சி, அறுத்த துண்டோட போயிட்டா.

"ஹாலிஸ், நான் நாலடி பத்து."

அவன் என்னையப் பாத்தான். பலகையப் பாத்தான். "வாய மூடுங்க அண்ணி."

"என்ன மூடறது? கணக்குச் சரியா வருதா இல்லையா? நீதான தச்சன், சொல்லு."

டேப்ப என் கையிலேர்ந்து வாங்கிச் சுருட்டிக்கிட்டே, "வருது"ன்னான்.

ரெண்டு பேருமா சார்ப்புல அடுக்கினோம். குச்சிக்கு நேர குச்சி. முனைக்குப் பெயிண்ட், தகரம், கல்லு. வாளிய நான் கவுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்து குச்சி எடுத்துக் குடுத்தேன்.

நேத்து முதல் பனி விழுந்துச்சு. காலைல பஸ்ஸ எடுக்கறப்ப தகரத்து மேல ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையா இருந்துச்சு. சாயந்தரம் வந்து அடுப்பப் பத்த வச்சு, சாக்ஸ் போட்டுக்கிட்டு, ஜன்னல்கிட்ட நாற்காலியப் போட்டு உக்காந்தேன். ஹாலிஸ் போன் பண்ணினான்.

"வெளிலதான இருக்கு?"

"வெளிலதான் இருக்கு"ன்னேன். இந்தத் தடவ உண்மை.